குவானஹுவாத்தோவில் நான் பார்த்திருக்கக் கூடாதது

மெக்சிகோவில் குவானஹுவாத்தோ, வெள்ளிச் சுரங்கங்களால் செழித்த மலை ஊர். பழைய ஆற்றுப் பாதையே இன்று நிலத்தடிச் சாலை. முழங்கால் ஒத்துழைத்தால் சந்து சந்தாக ஏறி இறங்கலாம்.

அங்கே போனால் மம்மி மியூசியம் பார்க்காமல் வரக்கூடாது என்றார்கள். வாசலிலேயே மனைவி, "நான் வரல, நீங்க போயிட்டு வாங்க" என்று உட்கார்ந்துவிட்டாள். நான் டிக்கெட் வாங்கினேன்.

எகிப்தைப் போல யாரும் பதப்படுத்திய உடல்கள் அல்ல இவை. கல்லறை மாடங்களின் வறட்சியில் தானாகக் காய்ந்தவை. கல்லறைக்கு அப்போது வரி இருந்தது. உறவினர் கட்டாவிட்டால் உடலை வெளியே எடுத்துவிட்டார்கள். 1865-ல் முதல் உடலை எடுத்தார்கள். கைக்குழந்தைகள்கூட இருக்கிறார்கள். வாடகை பாக்கிக்காக வீட்டைக் காலி செய்வதைப் பார்த்திருக்கிறேன், கல்லறையைக் காலி செய்வதை அங்கேதான் பார்த்தேன். படமெடுக்க நீட்டிய போனைப் பைக்குள் வைத்தேன்.

இதுவும் வரலாறுதானே என்பார்கள். அதே ஊரில் அல்ஹோந்திகா என்ற தானியக் கிடங்கு இருக்கிறது. 1811-ல் விடுதலைப் போராளி இதால்கோவின் தலையையும் தோழர்கள் மூவரின் தலைகளையும் அதன் நான்கு மூலைகளிலும் கூண்டில் தொங்கவிட்டார்கள். நாடு விடுதலையான 1821-ல் இறக்கி, மரியாதையாக அடக்கம் செய்தார்கள். இன்று மூலைகளில் அவர்கள் பெயர்கள் இருக்கின்றன. அதைப் பார்த்தே எனக்கு நெஞ்சு அடைத்தது. தலைவர்களுக்குப் பத்து வருடத்தில் கிடைத்தது, வரி கட்ட முடியாத குடும்பத்துப் பிள்ளைக்கு இன்னும் கிடைக்கவில்லை.

டிக்கெட் வருமானம் ஊருக்குத் தேவைதான். ஆனாலும் அவர்களைப் புதைத்துவிடலாம். நீங்கள் போனால், அல்ஹோந்திகாவுக்குப் போங்கள்.