முரசு கொட்டியது யார்?

சாத்தாங்காட்டில் பெரிய இரும்புச் சந்தை இருக்கிறது. நாள் முழுதும் அங்கே தகடு இறங்கும், கம்பி ஏறும். "டங், டங்" என்ற ஓசை ஓயாது.

இப்படிப்பட்ட இடத்தில் டீக்கடைப் பேச்சு எதைப் பற்றி இருக்கும்? பழைய படத்தின் இசையைப் பற்றியும் இருக்கும்! செல்போனில் கொட்டு மேளத்தை ஒலிக்க விடுவார்கள். படத்தைக் காட்டமாட்டார்கள்.

"இசை யாரு? சொல்லு, பார்ப்போம்!"

தோற்றவர் டீ வாங்கித் தர வேண்டும்.

இதில் பலரையும் கவிழ்த்துவிடுவது "சந்திரலேகா"வின் முரசு நடனம். ஜெமினி எஸ்.எஸ்.வாசன் தயாரித்து இயக்கிய படம். 1948-ல் வெளிவந்தது. பிரம்மாண்டமான முரசுகள்! அவற்றின் மேல் நின்று பெண்கள் ஆடுகிறார்கள். டி.ஆர்.ராஜகுமாரியும் ஆடுகிறார். வில்லன் ரஞ்சன் மயங்கிப்போய்ப் பார்க்கிறார். ஆட்டம் முடிந்ததும் முரசுகளுக்குள் ஒளிந்திருந்த வீரர்கள் வெளியே குதிக்கிறார்கள். பிறகு கேட்கவா வேண்டும், வாள் சண்டைதான்!

ஒருவர் "ஜி.ராமநாதன்" என்கிறார். இன்னொருவர் "விஸ்வநாதன்-ராமமூர்த்தி" என்று அடித்துச் சொல்கிறார். (பாவம்! அந்த இரட்டையர் சேர்ந்து இசை அமைத்த முதல் படம் "பணம்" வந்ததே 1952-ல்தான்.)

படத்தின் இசை அமைப்பாளர் எஸ்.ராஜேஸ்வரராவ்.

"மிஸ்ஸியம்மாவுக்குப் போட்டாரே, அவராண்ணே?"

"அவரேதாம்பா!"

1955-ல் வந்த "மிஸ்ஸியம்மா" பாட்டெல்லாம் தேன். அந்த இனிமையிலேயே ஊறிய காதுக்கு, இந்த இடி முழக்கமும் அவர் படத்தில்தான் என்றால் நம்பிக்கை வராது.

சரி, விடை கிடைத்துவிட்டது. யாரோ டீ வாங்கித் தருகிறார். ஆனால் ஒரே பெயரோடு விளையாட்டை முடிப்பது நியாயமா? "சந்திரலேகா"வின் பின்னணி இசையில் எம்.டி.பார்த்தசாரதிக்கும் பங்கு உண்டு. அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. மெட்டுப் போட்டவர் வேறு, தோலில் அடித்தவர் வேறு!

அக்காலத்தில் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியே பதிந்து பிறகு சேர்க்கும் வசதி கிடையாது. எல்லோரும் கூடி ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். ஒருவர் கை தவறினால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மழைக்காலத்தில் தோல் தளர்ந்து போகும். அனல் காட்டி முறுக்கேற்ற வேண்டும். திருவிழாவுக்கும் சாவுக்கும் மேளம் அடிக்கும் வட சென்னைக்காரருக்கு இந்தப் பாடு நன்றாகத் தெரியும்.

இத்தனை பாடுபட்டவர்களின் பெயரைப் படத்தில் போடும் வழக்கம் அப்போது பெரும்பாலும் இல்லை. நட்சத்திரம் பெயர் வரும். இசை அமைப்பாளர் பெயர் வரும். மேளக்காரர் கூலியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். இது பெரிய குறை!

பழைய படங்களை இன்று புதுப்பித்து வெளியிடுகிறார்கள். கீறலை நீக்குகிறார்கள், ஒலியைத் துலக்குகிறார்கள். அந்தச் செலவோடு செலவாக, வாசித்தவர்களின் பெயரையும் தேடிச் சேர்க்கலாமே! அன்று ஸ்டூடியோக்களில் வாசித்தவர்களின் பேரன், பேத்திகள் இந்தச் சென்னையிலேயே இருப்பார்கள். அவர்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய போட்டோவோ, சம்பளச் சீட்டோ கிடக்கலாம். கறையான் அரிப்பதற்குள் போய்க் கேட்க வேண்டும்.