பெனரில் உள்ள இலக்கத்தை நம்பிக் கடன்படாதீர்கள்

பெறுபேறு வந்ததும் மதிலெல்லாம் டியூசன் பெனர்: "எங்கள் வகுப்பில் இத்தனை 9 ஏ!" அதைப் பார்த்து வாப்பாமாரும் உம்மாமாரும் கடன்பட்டுக் காசு கட்டுகிறார்கள். அந்த இலக்கம் எதைக் காட்டுகிறது என்று நாங்கள் கேட்பதேயில்லை.

அமெரிக்காவில் 8 பாடசாலைகளில் எஸ்.ஏ.டி. பயிற்சி வகுப்பின் பயனை அளந்தார்கள். ஒன்றில் 28 புள்ளி கூடியது. இன்னொன்றில் 3 குறைந்தது. எங்கள் ஊரென்றால் 28 பெனரில் ஏறும், 3 ஒளிந்துகொள்ளும். ஆனால் அந்த 28இன் நியம வழு 15. டொனால்ட் ரூபின் 1981இல் இந்தத் தரவைப் பேய்சியன் முறையில் ஆராய்ந்தார். எட்டையும் சேர்த்துப் பார்க்கும்போது அந்த 28 ஏறக்குறைய 10க்கு இறங்குகிறது.

இன்று ஸ்டான், பைஎம்சி மென்பொருள்களில் இன்னொன்றும் செய்யலாம். தரவுக்குப் பொருந்தும் பயன் அளவுகளைக் குலுக்கி எடுத்து, அவற்றின்மேல் அளவீட்டின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்து, எட்டுப் பாடசாலைக்கும் புதிய பெறுபேறுகளை உண்டாக்க வேண்டும். ஆயிரக்கணக்கான தடவை. இதுதான் போஸ்டீரியர் பிரிடிக்டிவ் மாதிரியெடுப்பு. ஏற்ற இறக்கத்தை விட்டால் கணிப்பு இல்லாத உறுதியைக் காட்டும். சேர்த்தால் தெரியும்: எட்டில் ஏதோவொன்று 28ஐத் தொடுவது அதிசயமேயில்லை.

டியூசனே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. சேர்க்கமுதல் கேளுங்கள்: எத்தனை பேர் எழுதினார்கள்? எத்தனை பேர் சித்தியடையவில்லை? முந்திய வருடங்களில் என்ன வந்தது? பதில் இல்லையென்றால் காசு உங்கள் கையிலேயே இருக்கட்டும்.