பாண்டிச்சேரிக்கு ஒரு ஓட்டு குறைவு

நம்ம ஓவியக் குழுவோட இந்த வருஷ ட்ரிப் எங்கேன்னு வாட்ஸ்அப்பில் ஓட்டெடுப்பு நடக்குது. பாண்டிச்சேரி முன்னால போய்க்கிட்டிருக்கு. என் ஓட்டு சித்தன்னவாசலுக்கு. "அங்க என்னடா இருக்கு, நாலு பாறை"ன்னு கேட்ட நண்பனுக்காகத்தான் இதை எழுதறேன்.

பாண்டிச்சேரி கோஷ்டியோட வாதம்: கடல், வெயில், மஞ்சள் சுவர், இன்ஸ்பிரேஷன். 1905 கோடையில் மத்தீஸ், கொலியூர்ங்கிற பிரெஞ்சுக் கடலோர ஊருக்குப் போனார். அந்த வெளிச்சத்துல அவரோட நிறமே மாறிப்போச்சு. உண்மைதான், மறுக்கலை.

ஆனா புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர்ல, அறிவர் கோயில்ங்கிற சமணக் குடைவரையோட கூரையை ஒரு தடவை அண்ணாந்து பாருங்க. தாமரைக்குளம். மீன், அன்னம், யானை, பூப் பறிக்கிற ஆட்கள். சுண்ணாம்புப் பூச்சு மேல காவி மண், மஞ்சள் மண், விளக்குக் கரி மாதிரி சரக்கை வெச்சு ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி வரைஞ்சது. அது சமணர்களோட சமவசரணத்துல வர்ற குளம்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. இருக்கட்டும். அதுல எருமையும் இருக்கே! அந்த எருமையை வரைஞ்சவன் ஏதோ ஒரு கண்மாய்க் கரையில சாயங்காலம் வரைக்கும் உக்காந்து பாத்திருப்பான்னுதான் எனக்குத் தோணுது. வெயில் நுழையாத பாறைக்குள்ள அவ்வளவு வெளிச்சத்தைக் கொண்டுவந்திருக்கான்.

"அப்போ ஊர் மாறினா இன்ஸ்பிரேஷன் வராதா?"ன்னு கேப்பீங்க. வரும். 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்துல, இந்தக் கோயிலைப் புதுப்பிச்ச இளங்கௌதமனைக் கல்வெட்டு மதுரை ஆசிரியன்னுதான் சொல்லுது. அவரும் வெளியூர்தான். பாண்டிச்சேரி ரசிகர்களுக்கு இன்னொரு தகவல்: 1920 வாக்கில் இந்த ஓவியங்களை வெளியுலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்கள்ல ஒருத்தர், பாண்டிச்சேரியில் பேராசிரியரா இருந்த ழுவோ துப்ராய்ங்கிற பிரெஞ்சுக்காரர். அந்தக் காலத்திலேயே அவர் அங்கிருந்து இங்க வந்தார். நாம இங்கிருந்து அங்க போறோம்.

என் அவசரத்துக்குக் காரணம் வேற. ஓவியம் நிறைய உதிர்ந்துபோச்சு. தூண்ல ஆடற பெண்களோட கோடு தேடித்தான் தெரியுது. கடல் அடுத்த வருஷமும் இருக்கும், பாஸ். ஃபைனல் இயருக்கு அடுத்த ட்ரிப் கிடையாது.

வெள்ளிக்கிழமை ராத்திரி வரைக்கும் ஓட்டுப் போடலாம். ஜெயிச்சா காலைலயே கிளம்பணும். மத்தியானம் பாறை கால் வைக்க விடாது. கேமரா ஃபிளாஷை ஆஃப் பண்ணிட்டு, ஆளுக்கு ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துட்டு வாங்க. எருமையை நான் வரையறேன், இப்பவே சொல்லிட்டேன்.