அடுப்பறிந்து அளித்தல்

பசித்தவனுக்கு எதைக் கொடுத்தாலும் அறமே என்பார் பலர். இக்கொள்கை எனக்கு உடன்பாடன்று. ஊவா மலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் தமிழ் கற்பித்துவரும் யான், பசிக்கு உள்ளதுபோலவே உணவுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதைக் கண்டிருக்கிறேன்.

தாது வருடப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டியபோது கடல் கடந்து வந்தோர் பலர். தோட்டத்திலே அவர்தம் கூலியின் ஒரு பகுதி அரிசியாகவே அளக்கப்பட்டது. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. அரிசி வரவு அருகிற்று. பங்கீட்டிலே கோதுமை மா புகுந்தது. வேறு வழியின்றி உண்ட அம்மாவே நாளடைவில் தோட்டத்து ரொட்டியாயிற்று. விடியலிற் சுட்ட ரொட்டியைச் சம்பலோடு பொதிந்துகொண்டு மலையேறலாம். சோற்றை அவ்வாறு கொண்டுசெல்லல் எளிதன்று. ‘சோறே தமிழர் உணவு’ என்று ஏடுகளைப் புரட்டித் தீர்ப்புக் கூறும் பண்டிதர், பசறையிலோ நமுனுகுலையிலோ கொழுந்து பறிக்கும் ஒருத்தியிடம் ஒருமுறை கேட்டறிதல் நன்று.

1974ஆம் ஆண்டளவிலே, பங்கீடு சுருங்கியமையால் தோட்டங்களில் நேர்ந்த பட்டினிச் சாவுகளை முதியோர் மறந்திலர். 2022இல் கோதுமை மாவின் விலை பல மடங்காக ஏறியது. நகரத்தார்க்குப் பாண் அரிதாயிற்று. லயத்தாருக்கோ இரு வேளை உணவே போயிற்று. அந்நாளிலே தமிழக அரசு 40,000 தொன் அரிசியும் 500 தொன் பால்மாவும் மருந்தும் அனுப்ப முன்வந்தது. அவ்வாண்டு மே மாதத்திலே முதற்கப்பல் கொழும்பை அடைந்தது. தமிழர்க்கென்று மட்டும் பிரியாது இலங்கை மக்கள் அனைவர்க்குமென வந்தமை சாலவும் நன்று.

ஆயின், அக்காலத்திலே அன்பர்கள் தாமாகத் திரட்டிய பொதிகள் சிலவற்றை நினைக்க வருத்தமே மிகுகின்றது. புரட்டாசி விரதம் காக்கும் வீட்டுக்கு மீன் டின். விறகு தேடியே களைத்தவளுக்கு நெடுநேரம் வேகவேண்டிய கடலை. கொடுத்தவர் மனம் குளிர்ந்தது, படமும் எடுக்கப்பட்டது. அடுப்பில் ஏறாத பொருளால் ஆயது என்?

இப்போது ‘உணவு வங்கி’ என்னும் சொல் வழங்குகின்றது. வங்கி என்றதும் அடகும் வட்டியும் என் நினைவுக்கு வருகின்றன. ‘களஞ்சியம்’ எனல் தகும். பெயர் எதுவாயினும் ஆகுக. கோயில் மண்டபத்திலோ பள்ளிக்கூடத்திலோ அஃது அமையவேண்டும். அதில் வைக்கப்படும் பொருளைக் கொழுந்து பறிக்கும் பெண்களே தெரிந்தெடுக்கவேண்டும். கொழும்பிலே கட்டி அனுப்பும் ஒரே அளவான பொதி வேண்டா. அயற்கிராமத்துச் சிங்கள ஏழைக்கும் முஸ்லிம் ஏழைக்கும் அவரவர் உணவு அங்கே இருத்தல்வேண்டும்.

விரும்பியதை மட்டும் கொடுத்தால் உடல் தேறுமோ என்று வினவுவர். நியாயமான வினாவே. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியோர் நாடு முழுவதிலும் நூற்றுக்குப் பதினேழு பேர். தோட்டங்களிலோ முப்பத்தொருவருக்கும் மேல். வெறும் மா வயிற்றை நிரப்பும், எலும்பை வளர்க்காது. ஆயினும் ரொட்டியைப் பழித்து அக்குழந்தையை வளர்க்க இயலாது. ஊவாவில் விளையும் குரக்கனை அம்மாவிலே கலக்கலாம். பருப்பும் பயறும் உடன் வைக்கலாம். வல்லாரையைச் சம்பலாக்கும் வழக்கமோ இங்கு முன்னரே உள்ளது. பழகிய உணவுக்குள்ளேயே சத்தை ஏற்றினால் மறுப்பவர் யார்? நாட்சம்பளம் வயிற்றுக்குப் போதுமாயின் இக்களஞ்சியமே வேண்டா என்பதும் மெய்யே. அப்போராட்டம் நடக்கட்டும், அது முடியும்வரை பிள்ளையின் பசி காத்திராது.

மணிமேகலையின் அமுதசுரபியிலே முதற்பிச்சை இட்டவள் ஆதிரை என்னும் இல்லாள். அதுபோலக் களஞ்சியத்தின் முதற்பிடியும் தோட்டத்து அடுப்படியிலிருந்தே வரட்டும். சம்பள நாளன்று வீட்டுக்கு ஒரு பிடி அரிசியோ மாவோ போதும். நம் முன்னோர் அறிந்த பிடியரிசி முறைதான் அது. தாமும் இட்ட களஞ்சியத்திலே கை நீட்ட எவரும் கூசார். பதுளை நகரத்து ஆசிரியர்களாகிய நாமும் அதே நாளில் நம் பங்கைக் கொண்டுசென்று அவர்கள் கணக்கேட்டிலே பதிந்துவரலாம்.