குகைக்குக் கூட்டம், உடுக்கைக்கு?

ஆங்கிலேயர் காலத்தில் ‘பேயின் சமையலறை’ என்று பேர் வாங்கிய கொடைக்கானல் பள்ளத்தை, 1991-இல் வந்த ஒரு படம் குணா குகை ஆக்கியது. 2024-இல் ‘மஞ்ஞுமல் பாய்ஸ்’ வந்ததும் கம்பிவேலி ஓரம் மறுபடி நெரிசல். 33 வருடத்துக்கு முந்தைய ‘குணா’ படத்து இளையராஜா பாட்டை, அது வந்தபோது பிறந்தே இராத பிள்ளைகள் முணுமுணுத்தார்கள்.

சினிமாவால் கூட்டம் சேர்க்கும் இதே காரியத்தைக் கொரியாவில் ஒரு கதைப்பாட்டுக்குச் செய்தவர் இயக்குநர் இம் குவோன்-தேக். ஒரு பாடகர், ஒரு மத்தளக்காரர், கையில் ஒரு விசிறி: பன்சோரி என்பது அவ்வளவுதான். முழுக்கதையும் பாட எட்டு மணி நேரம்கூட ஆகும். நம் வில்லுப்பாட்டில் ‘ஆமா’ போடுவதுபோல அங்கே மத்தளக்காரரும் கேட்பவர்களும் குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். பன்னிரண்டு கதைகளில் மிஞ்சியவை ஐந்து.

இம் 1993-இல் ‘சொப்யொன்ஜே’ எடுத்தபோது, பன்சோரி கற்ற ஓ ஜங்-ஹேயையே நாயகியாக்கினார். மூவர் பாடியபடி கல்வேலிப் பாதையில் இறங்கி வரும் காட்சி ஐந்து நிமிடத்துக்கு மேல், ஒரே ஷாட். சோல் நகரில் மட்டும் பத்து லட்சம் பேர் பார்த்தார்கள். சொங்சான் தீவின் அந்தப் பாதையும் இன்று சுற்றுலாத் தலம்.

நம் பக்கம், குணா குகை மலையின் அடிவாரத்துப் பழனி, கொங்கின் இருபத்துநான்கு நாடுகளில் வையாபுரி நாடு. கொங்கின் பெருங்கதை அண்ணன்மார் கதை. உடுக்கையடிப் பாட்டாக இரவிரவாய் நடப்பது. இடக்கை உடுக்கையின் இடுப்புக் கயிற்றை இறுக்கித் தளர்த்த, வலக்கை விரல்கள் தோலில் தட்டும். சண்டை வந்தால் ஓசை ஏறும், ஒப்பாரி வந்தால் இழையும். 1965-இல் காங்கேயம் பக்கம் அதை ஒலிநாடாவில் பிடித்தவர் மானுடவியலாளர் பிரெண்டா பெக். 1992-இல் அது சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் நூலானது. பிறகு அவரே அதை 26 பகுதி அசைபடமாகவும் ஆக்கினார்.

அதே அண்ணன்மார் கதை 2011-இல் ‘பொன்னர் சங்கர்’ என்று திரைக்கு வந்தது. கருணாநிதியின் கதை, இளையராஜாவின் இசை, அரண்மனை, குதிரைகள், படை. உடுக்கைக்காரர் சொல்லிக் கேட்ட கதை, ராஜா காலத்துப் படமாகிவிட்டது.

இம் 2000-இல் எடுத்த ‘சுன்ஹ்யாங்’ வேறு வழியில் போனது. அதிலும் ராஜா காலம் உண்டு, காதல் உண்டு, கசையடி உண்டு. ஆனால் பன்சோரிப் பாடகர் சோ சாங்-ஹ்யொன் மேடையில் நின்று பாடுகிறார். அவர் குரலின் தாளத்துக்குத்தான் காட்சி நகர்கிறது. நடுநடுவே கேமரா அவரிடமே திரும்புகிறது.

பங்குனி உத்திரத்துக்குக் கொங்கிலிருந்து பழனிக்கு வரும் காவடிகளைப் படமெடுக்க எத்தனையோ கேமராக்கள் வருகின்றன. அவற்றில் ஒன்று அடிவாரத்து ஊர் ஒன்றில் தங்கி, உடுக்கைப் பாட்டை முதல் இரவு தொடங்கிக் கதை முடியும்வரை வெட்டாமல் எடுத்தால் போதும். படமாக்குவது எப்படி என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.