பாலுக்கு மோர் மாசா?

மின்னணுவியலின் அடிப்படையைத் தமிழிற் சொல்லவியலாது என்பார் இன்னும் உளர். அவருட் பெரும்பாலார் தமிழரே. அயலான் சொன்னால் அறியாமை என விடலாம். தமிழன் சொன்னால் அதற்கு வேறு பெயர்.

கோவையிற் செம்மொழி மாநாடு நடந்த 2010-ஆம் ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியது. எவற்றில்? கட்டடவியலிலும் எந்திரவியலிலும் மட்டும்! மின்னணுவியல் வாயிற்படிக்கு வெளியே நின்றது. அவ்விரண்டையுங்கூட உறுப்புக் கல்லூரிகளில் நிறுத்துவதாக 2023-இல் அறிவித்து, எதிர்ப்பெழுந்த பின்னரே அறிவிப்பைத் திரும்பப் பெற்றனர்.

இயலாதென்பீர், கேண்மின்! சிலிக்கன் எனப்படும் மண்ணியத்தின் அணு ஒவ்வொன்றும் வெளிக்கூட்டில் நான்கு மின்னிகளை உடையது. (எலக்ட்ரான் என அயலார் வழங்குவதே மின்னி.) அந்நான்கும் அண்டை அணுக்கள் நான்கனோடு பிணைந்து நிற்றலால் உலவும் மின்னி அரிது. பிணிப்பறுத்து ஒன்றை விடுவிக்க ஏறத்தாழ 1.1 எலக்ட்ரான்-வோல்ட்டு ஆற்றல் வேண்டும். வெப்பம் ஏற ஏற விடுபடுவன பெருகும். ஆதலின், சூடேறுங்கால் செம்பின் கடத்துதிறன் குறைய, தூய மண்ணியத்தின் திறனோ கூடுகின்றது. மின்னி பெயர்ந்த வெற்றிடம் துளை. பக்கத்து மின்னி அதனுட் புகத் துளை அப்பக்கம் நகரும். பந்தியில் ஓரிலை ஒழிய, அடுத்தடுத்து அமர்ந்தார் ஒவ்வோர் இலையாய் முன்னகர, ஒழிந்த இலை பின்னோக்கிச் செல்லுமன்றோ? அஃதே இது.

பத்திலக்கம் மண்ணிய அணுக்களிடையே, வெளிக்கூட்டில் ஐந்து மின்னி உடைய பாசுபரசின் ஓரணு புகுந்தாலும் போதும். மிகுந்த மின்னி உலவத் தொடங்கும். மூன்றே உடைய போரான் புகுந்தால் துளை பிறக்கும். இவ்விரு வகையும் பொருந்தும் எல்லையில் மின்னோட்டம் ஒருபுறமே எளிதிற் செல்லும். 1947 திசம்பரில் பார்டீனும் பிராட்டெய்னும் அமெரிக்கப் பெல் ஆய்வகத்தில் இயக்கிக் காட்டிய திரிதடையமும் மின்னி, துளை ஓட்டத்தால் இயங்கியதே. இதில் எவ்விடத்தில் தமிழ் இடறிற்று?

இடறியது பாடநூலாரின் சொல். இவ்வாறு சேர்ப்பதை அவர் "மாசூட்டல்" என்கின்றனர். ஆங்கிலத்தான் தூய்மைக்கேடு என்றான், இவர் மாசென்றார். அளவறிந்து, வேண்டுமென்றே சேர்ப்பது மாசாகுமா? பாலுக்கு உறையிடும் தாய் மோரை மாசென்பாளா? உறையிடல் என்க, மாணவன் நொடியில் அறிவான்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் முப்பந்தல் காற்றாலைகள் சுழல்கின்றன. இற்றைக் காற்றாலைகள் பலவற்றின் மின்னைக் கம்பித்தொடர்க்கு ஏற்ப மாற்றித் தருவன குறைகடத்திக் கருவிகளே. அண்ணாந்து பார்த்தே வளர்ந்த தோவாளை உழவன் மகன் அவற்றின் உள்ளியல்பை அயல்மொழியிற்றான் கற்கவேண்டுமெனல் என்ன முறை?

மின்னணுவியற் பேராசிரியர்களே, சொற்பட்டிகள் போதும்! கணக்கும் படமும் பயிற்சியும் உடைய முழுநூல் எழுதுங்கள். சொல் தட்டுப்படின் தமிழாசிரியர் யாங்கள் அருகிருக்கின்றோம்.