வெட்டப்பட்ட கம்பிகள்

அப்பா ஓட்டிய 2002ஆம் ஆண்டுக் காரில் நிறுவனமே பொருத்தியனுப்பிய கேசட் பிளேயரை அண்மையில் மாற்றினேன். நாடாவை விழுங்கத் தொடங்கி நெடுநாளாயிற்று. மாற்றியதில் வருத்தமில்லை, பழையது கழிந்து புதியது புகுவதை நன்னூலாரும் வழுவென்று கொள்ளவில்லை. வருத்தமெல்லாம் மாற்றிய முறை குறித்தே.

கடைக்காரர் காரின் மூலச் சாக்கெட்டை வெட்டியெறிந்துவிட்டு, கம்பிகளை முறுக்கி டேப் சுற்றினார். மறுவாரமே, வண்டி குலுங்கும்போதெல்லாம் ஒரு ஸ்பீக்கர் ஊமையாயிற்று.

புதிய செட்டில் மஞ்சள் கம்பி எந்நேரமும் மின்சாரம் பெற வேண்டியது. சிவப்பு, சாவியைத் திருப்பியபின் பெறுவது. இரண்டும் இடம் மாறினால், வண்டியை அணைக்கும்தோறும் செட் தன் நினைவை இழக்கும். காரின் கம்பிகளுக்கோ நிறங்கள் வேறாயிருக்கலாம். நிறம் பார்த்து முறுக்குவது ஊகமேயன்றி வேலையன்று. காரின் சாக்கெட்டையும் புதிய செட்டையும் வெட்டாமலே இணைக்கும் அடாப்டர் வயர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 180க்கு 50 மில்லிமீட்டர் என்னும் 'டின்' அளவு ஜெர்மானியத் தரநிலையாகத் தோன்றி உலகெங்கும் பரவியதால், பல பழைய கார்களில் இடமும் பொருந்திவிடும்.

நல்ல பதிப்பாசிரியர் தாம் விலக்கிய பாடத்தையும் அடிக்குறிப்பில் காப்பார். பின்வருபவர் சரிபார்க்க வேண்டுமல்லவா? பழம்பொருளைத் திருத்துவோருக்கும் அந்த நாணயம் வேண்டும். மாற்றுங்கள், மீளும் வழியை வெட்டாதீர்கள்.

அப்பாவின் பிளேயர் பரணில் இருக்கிறது. பழுது நீக்கிக் கொண்டுவந்தாலும், காரில் அதைச் செருகுவதற்கு இனிச் சாக்கெட் இல்லை.